மூன்றாவது சிலிண்டர்

மாநகர் மன்றத்தின் மஞ்சள் நோட்டீஸ்
முன்கண்ணாடியில் ஒட்டிய பிறகுதான்
கார் என்று ஒன்று இருப்பது
எனக்கே திரும்பத் தெரிந்தது.
பதினான்கு நாளில் நகர்த்து,
இல்லையேல் இழுத்துப்போவோம்.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குக் கீழே
அங்சானா மரத்தடியில் ஆறு வருஷம்.
வைப்பர் பள்ளத்தில் பூ மக்கி மண்ணாகி
அதில் ஒரு செடி, நாலு இலையோடு.

திலகேஸ்வரி அக்காவின் சாகா.
பெர்த்துக்குக் கிளம்பிய அன்று
சாவியை மேசைமேல் வைத்துச் சொன்னாள்:
"வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு.
பத்து நிமிஷம் ஓடட்டும், போதும்."
ஐந்து வாரம் செய்தேன்.
அப்புறம் அம்மாவின் மருத்துவமனைப் பில்,
யார் எவ்வளவு கட்டினோம் என்ற பேச்சு.
பேச்சு நின்றது.
பேட்டரியும்.

ஜெலுத்தோங்கில் பரஞ்சோதி பட்டறை.
பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தான்.
கிராங்க் நட்டில் நீளக் குழாய் மாட்டி
இரண்டு பேரும் தொங்கினோம்.
அசையவில்லை.

"இறுகிருச்சிண்ணே. ஹாஃப்கட் போட்டுருங்க.
ஜப்பான்ல எவனோ பூப்போல ஓட்டுனது,
நடுவுல அறுத்துக் கப்பல்ல வருது.
ஆயிரத்தெண்ணூறு வெள்ளி, மூணே நாள்.
இதையே பிரிச்சிச் சேர்க்கணும்னா
மூவாயிரத்து ஐந்நூறு, ஒன்றரை மாசம்,
அப்பவும் நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

சரி என்றேன்.
கணக்கில் யோசிக்க என்ன இருக்கிறது.

"எஞ்சின் நம்பர் மாறும்.
கிராண்ட் யார் பேருல இருக்கு?
ஜேபிஜேக்கு அவங்க கையெழுத்து வேணும்."

பாயான் லெப்பாஸில் நைட் ஷிஃப்ட் எனக்கு.
லென்சுக்குக் கீழே ஒவ்வொரு சில்லாக,
இது போகலாம், இது கழிவு.
ஒன்றுக்கு நாலு வினாடி.
பத்து வருஷத்தில் தயங்கியதில்லை.

"பிரிச்சே செஞ்சிருவோம்" என்றேன்.

அவன் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.
"ஒரு போன் பண்றதுக்குப் பதிலா
ஆயிரத்து எழுநூறு வெள்ளியா?"

போன் பண்ணினால் ஐந்து வாரம் என்று
சொல்ல வேண்டியிருக்கும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஹெட்டைத் தூக்கினான்.
ஒன்று, இரண்டு, நான்கு
எண்ணெய்க் கறுப்பில் இன்னும் மினுங்கின.
மூன்றாவதில்
பிஸ்டன் நின்றுபோன உயரத்தில்
சுவரைச் சுற்றித் துரு வளையம்,
படகுத்துறைக் கால்களில்
கடல் ஏறிநின்ற அளவு மாதிரி.
நகத்தால் தடவினேன்.
நகம் மாட்டியது.

"ஏற்கெனவே ஒருதரம் போர் போட்ட பிளாக்குண்ணே.
துரு போகணும்னா நல்ல இரும்பும் கொஞ்சம் போகும்.
இன்னும் அரை மில்லி கடையலாம்.
அதுக்குமேல சுவர் தாங்காது."

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
போட்டோ எடுத்தேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினேன்:
ஆறு வருஷத்தில் அவளுக்கு என் முதல் சேதி
துருப்பிடித்த ஓர் ஓட்டை.

தே தாரிக் நுரை அடங்குவதற்குள் நீலக் கோடு இரண்டு.

"மூணாவதா?
அது எங்கிட்ட இருக்கும்போதே எண்ணெய் குடிக்கும்.
உங்கிட்ட சொல்லல."

பிறகு எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.

பரஞ்சோதி பிளாக்குக்குக் கயிறு கட்டிவிட்டான்.
பாலம் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில்
கடைசல் பட்டறை ஐந்துக்கு மூடிவிடும்.
லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

"போனை வைங்கண்ணே.
அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன்.
உள்ளே ஒன்றுமில்லாத இரும்பு
இவ்வளவு கனக்குமா.
வாசல்படிவரை வந்திருப்போம்,
சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

இரண்டு கையும் பிளாக்கில்.