முப்பத்திரண்டு கிளிக்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
ஷிஜினின் கடை. தராசில் மீன் வைப்பதுபோல்
ரெண்டு சஸ்பென்ஷன் செட்டை என் முன் வைத்தான்.

விலை குறைந்த மஞ்சளில் எதையும் திருக முடியாது.
எங்கேயோ ஒருவன் மழமழவென்ற சாலையைப் பார்த்து
எனக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டான்.
நீலத்தில் முப்பத்திரண்டு கிளிக், மேடம்.
இந்தப் பக்கம் மெத்தை, அந்தப் பக்கம் ரேஸ் டிராக்.

கடல் உப்புக்கு மரை பிடிச்சுக்கிடாதா?

குளச்சக்காரியா, என்று சிரித்தான்.
வருசம் ரெண்டு தடவை கிரீஸ்.

நீலம்.

ஞாயிறு, ஆரல்வாய்மொழி. இருபத்தெட்டு.
காற்றாலைக் காற்று விலாவில் இடிக்க
என் ரெண்டு கதவுச் சிவப்பு வண்டி
அசையவில்லை. ஒவ்வொரு கல்லும்
உள்ளங்கைக்கு வந்து பெயர் சொல்லிப் போனது.

திரும்பும் வழியில் அம்மா வீடு,
ஒரு சட்டி சாளைப் புளிமுளம்.
ரெக்ஸன் மடியில் வைத்துக்கொண்டான்.
பைய, பைய என்றான்.
முதல் வேகத்தடையிலேயே
வெள்ளை வேட்டி மஞ்சள்.

நிறுத்தினேன். பானெட்டுக்குள் குனிந்து, பின்னே டிக்கிக்குள் குனிந்து
குமிழ்களைத் திருகினேன்.
இருபது: சிந்தியது.
பதினைந்து: வாழையிலை மூடி மட்டும் நனைந்தது.
நெய்யூர் தாண்டும்போது பதினொன்று.
அவன் பைய என்பதை நிறுத்தி
தூங்கியே போனான், சட்டியைக் கட்டிக்கொண்டு.

டிராக் செட்டிங் எப்படி மேடம், போனில் ஷிஜின்.
ஆர்.சி. உறைக்குள் இருந்த சீட்டைப் பார்த்து வாசித்தேன்:

காற்று, 28.
சாளை, 11.
மழைக்கு இன்னும் தெரியவில்லை.