லைற்றை நூர்

ஓல்டனில் நவம்பர் என்றால்
ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி
தபால்பெட்டிவரை வந்து குந்திக்கொள்ளும்.
காலை நாலு இருபது.
எண்பத்திரண்டாம் ஆண்டு ஸ்டார்லெட்
கிர் கிர் கிர் என்கிறது.
பிடிக்கவில்லை.

ஆயிரத்து நானூறு பிராங்குக்கு வாங்கிய கார்.
பாதி எனது, பாதி நிமலராஜனது.
திங்கள் புதன் வெள்ளி எனக்கு,
மற்ற மூன்று நாளும் அவனுக்கு.
ஞாயிறு யாருக்கு என்று தொடங்கி
சீட்டுக்காசில் போய் முடிந்த சண்டைக்குப் பிறகு
ஆடியிலிருந்து பேச்சில்லை.
சாவியை என் தபால்பெட்டியில் போடுவான்.
நான் அவனுடையதில்.

இன்று புதன்.
ஆனாலும் இறங்கி வந்து நிற்கிறான்,
சாரத்துக்கு மேலே குளிர்கோட்டோடு.
ஓடாத காரிலும் பாதி அவனுடையதுதானே.

இதற்கு இரண்டு பேர் வேண்டும்:
ஒருவன் சாவியில், ஒருவன் பொறியில்.
கேளாமலே போய் இருக்கையில் ஏறினான்.
"அடி" என்றேன்.
"நிப்பாட்டு" என்றேன்.
நாலு மாதத்தில் முதல் இரண்டு சொல்.

பிளக்கைக் கழற்றினால்
நுனியெல்லாம் ஈரம், பெற்றோல் மணம்.
சாப்பாடு போகிறது, அடுப்புத்தான் பற்றவில்லை.
கம்பியில் மாட்டி எஞ்சின் உடம்போடு சாய்த்துவைத்து
"அடி".
ஒன்றுமில்லை.

கொயிலிலிருந்து வரும் நடுக்கம்பியை உருவி
உடுப்புக் கொழுவும் மரக் கிளிப்பால் கவ்வி
இரும்புக்கு அரை விரல் தள்ளிப் பிடித்தேன்.
"அடி".
டக், டக், டக்.
நீலமாய், கொழுத்து.
கொயில் பிழையில்லை, பொயின்ற் பிழையில்லை.
இங்கே புறப்படுவது அங்கே போய்ச் சேரவில்லை.
இடையில் யாரோ தின்கிறார்கள்.

"சீட்டு மாதிரி" என்றான் உள்ளே இருந்து.
நான் சிரிக்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன்.
ரோட்டர் சுத்தம்.
நாலு முனையும் சுத்தம்.
டோர்ச்சை வாயில் கடித்தபடி
மூடியின் உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கறுப்புப் பிளாஸ்டிக், வேறொன்றுமில்லை.
மூடினேன். அடித்தான். இல்லை.
மூன்றாம் மாடியில் அஃபோல்ட்டர் கிழவரின் ஜன்னல்
திறந்து, இருமி, சாத்திக்கொண்டது.
ஐந்தே காலுக்கு ஆராவில் நான் அட்டை போடவேண்டும்.

"லைற்றை நூர்" என்றான்.
"என்னத்துக்கு?"
"நூரன்."

நூர்த்தேன்.
அவன் சாவியைத் திருப்பினான்.

மூடியின் நடுக்குழலடியில்
நீல மயிரிழை ஒன்று
நெளிந்து, கிளைத்து,
ஓரத்து இரும்புக் கிளிப்பில் இறங்கியது.
திரும்பவும். திரும்பவும்.
ஈரம் குடித்த ஒரு வெடிப்பு.
அரை மணித்தியாலமாக அதன்மேல்தான்
வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஓடிப்போய்
தர்மினியின் நகப்பூச்சு இரண்டு கொண்டுவந்தான்.
"மினுங்கிறது வேண்டாம், அதில உலோகம் இருக்கும்."
"அப்ப சிவப்பு."
பிளேட்டால் சுரண்டி, துடைத்து,
பெருவிரல் நகம்போலப் பூசினான்.
காயவேண்டுமே.
பொனற்றுக்குள் தலையை விட்டு
மாறி மாறி ஊதினோம்,
ஒருவன் மூச்சு ஒருவன் மூக்கில்.

நாலு ஐம்பத்தொன்று.
இம்முறை நான் சாவியில்.
"அடி" என்றான்.
ஒரு செருமல். இன்னொன்று.
பிறகு வீதியே அதிரப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடியில் தட்டினான்.
"புது மூடி இருபத்தெட்டு பிராங்க் வரும்."
"பதினாலு" என்றேன்.
"ஓம், பதினாலு."
சீட்டுக்காசு
அவன் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை.

திரும்பும்போது பார்த்தேன்,
சிவப்பான விரலை
இன்னும் ஊதிக்கொண்டு நின்றான்.

பின்னேரம் சாவியைப் பெட்டியில் போடுவதா
மணி அடிப்பதா என்று
ஆராவ் வரும்வரை யோசித்தேன்.
தொழிற்சாலை வாசலில்
எஞ்சினை நிப்பாட்டத்தான்
பயமாக இருந்தது.