வேண்டாம் என்று எழுதிய பலகை

கானாடுகாத்தானில் அந்த வீடு ஓட்டலான மூன்றாம் வருஷம்
பலகை எழுதும் வேலை என்னிடம் வந்தது.
ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் நூற்று நாற்பத்தொன்று எடுத்தவள்
ரிசப்ஷனில் நான் ஒருத்திதான்.

செருப்புப் போட வேண்டாம்.
இதில் என்ன கஷ்டம்?
யூ டோன்ட் ஹேவ் டு வேர் ஷூஸ்.
எழுத்து அழகாகவே வந்தது.

அன்று காலைதான் செல்வி
வளவுத் தரை முழுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாள்.
ப்ராட்ஃபோர்டிலிருந்து வந்த டெனிஸ்
பலகையைப் படித்து, எவ்வளவு தாராளம் என்று சிரித்து,
பூட்ஸோடு நடந்தாள்.
முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை
நேற்றைய மழையின் செம்மண்,
வலது, இடது, வலது.

மேனேஜர் ரெஜினால்டு என்னைக் கூப்பிட்டார்.
யூ ஷுட் ஹேவ் நோன்.
ஷுட் சரி. பின்னால் எதற்கு அந்த ஹேவ்?
ஐந்தொகை போட்டு மூடிய பேரேட்டைத் திறந்து
என் பேரில் மட்டும்
பழைய தேதிக்கு ஒரு பற்று.

டெனிஸுக்குத்தான் தாங்கவில்லை.
துணி கேட்டு வாங்கி, செல்வி தடுக்கத் தடுக்க,
முட்டி போட்டுத் துடைத்தாள்.
நானும் உட்கார்ந்தேன்.
இதையெல்லாம் யோசித்ததே இல்லை என்றாள்,
வாயில் போட்டு மென்று பார்த்துச் சொல்பவள் மாதிரி.

மஸ்ட்?
அது எனக்கு நானே போடுவது.
சுங்க இலாகாவும் போடும்.
ஹேவ் டு?
அது வெளியிலிருந்து. டாக்டர், ரயில், வீட்டுக் கடன்.
ஷுட்டா? (சிரிப்பு.)
என் அக்காவுக்கு ஃபோன் பண்ண வேண்டும், ஐ ஷுட்.
எட்டு மாசமாகச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் நீட் டுதான் என்றாள்.
இங்கே கையெழுத்துப் போடுவது
என்னவோ உன் தேவை என்பது போல.
அதைவிட மோசம் என் பாஸ்.
உனக்கே விருப்பம் வரலாம், இதை ஒருமுறை பார்க்க, என்பான்.
இன்று சாயந்திரத்துக்குள் முடி என்று அர்த்தம்.

உங்கள் பாஷையில்?

ஒரே வார்த்தை என்றேன்.
காபி வேண்டும். போக வேண்டும்.
சாமியிடம் கேட்பதற்கும் அதுதான்.

அப்படியானால் ஒருத்தி ஆசைப்படுகிறாளா
அகப்பட்டுக்கொண்டாளா
எப்படித் தெரியும்?

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி
எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கையில் இருந்தது.
எனக்குக் காபி வேண்டும்.
நான் போக வேண்டும்.
ஆசை வரும்போது நான் 'எனக்கு' ஆகிறேன்.
கடமை என்றால் வெறும் 'நான்',
பின்னால் ஒரு 'கு' கூடத் துணைக்கு இல்லை.
முப்பத்தாறு வருஷமாகப் பேசுகிறேன்,
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

தம்பி கதிரேசன் திங்கட்கிழமையே சொல்லியிருந்தான்.
ஆவுடைப்பொய்கையில் அப்பா விட்டுப்போன ஏழு சென்ட்.
வெள்ளிக்கிழமை காரைக்குடி ரெஜிஸ்டர் ஆபீஸ்.
விடுதலைப் பத்திரம் ரெடி.
வந்து கையெழுத்துப் போடணும்க்கா.

அந்தப் 'போடணும்' எது?
மஸ்ட் இல்லை, எனக்கு நானே சொல்லவில்லை.
ஹேவ் டுவா? எந்தச் சட்டத்தில்?
ஷுட் என்று பெரியப்பா சொல்வார்,
பொம்பளைப் புள்ள வழக்குப் பேசலாமா என்று சேர்த்து.
நீட்? தேவை அவனுக்கு.
பலகையில் நான் தப்பாக எழுதியதை
இந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
டோன்ட் ஹேவ் டு.
பொருந்தியது.

வியாழன் ராத்திரி மறுபடி ஃபோன்.
பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்,
தேவகோட்டை தேவகோட்டை என்று ஒருவன் கத்துகிறான்.
அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வரணும், மறந்துடாதே.

எனக்கு வரணுமா, நான் வரணுமா?

என்னது?

திரும்பக் கேட்டேன்.
அவன் பக்கம் பஸ் கிளம்பியிருக்க வேண்டும்.
ஒன்றும் கேட்கவில்லை.
செல்வி பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து
மேஜையில் சாய்த்துவிட்டு நின்றாள்,
புதுசா என்னக்கா எழுதப் போறே என்று.