அடைப்பு: பக்கம் முப்பத்தொன்று

சோப்புக் குப்பி ஒரு மாதம் வரும் என்றார்கள்.
நாலே நாளில் காலி.
பெட்டியின் நெற்றியில் ஒரு சின்னத் திரை,
அதில் இன்றைய கணக்கு:
பதினொரு கழுவல்.
இருப்பதோ ஒற்றைப் பூனை.

என் தோள்பட்டையில் தகடு வைத்த பிறகு
குனிந்து அள்ளும் பாடு வேண்டாமென்று
தங்கை லியோனா வாங்கித் தந்தது.
குளியலறைக் குழாயிலிருந்து தானே உறிஞ்சும்,
பிளாஸ்டிக் மணிகளைக் கலக்கித் தேய்க்கும்,
அழுக்கைச் சாக்கடைக்குத் தள்ளும்,
சூடாக ஊதி உலர்த்தும்.
'இனி நீங்கள் எதையும் பார்க்க வேண்டியதில்லை'
என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

டுலூத்தில் ஜனவரி.
தாதுக் கப்பல்கள் துறையில் பனி பிடித்துக் கிடக்கின்றன.
இஞ்சின் அறையில் முப்பது வருடம் எண்ணெயில் ஊறியவன்
வீட்டில் ஒரு பழுது கிடைத்தால் விடுவானா?

பக்கம் முப்பத்தொன்று:
காரணமின்றி இயங்கினால், கண்ணைத் துடைக்கவும்.
துடைத்தேன்.
வினிகர், பழைய டூத்பிரஷ்.

வெளியேற்றும் குழாயில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்கவும்.
கழற்றினேன்.
வாய் வைத்து ஊதினேன்
(அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்).
கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தித் துழாவியதில்
ஒரு முடிக்கற்றை,
பால் கேனின் நீல வளையம்.
வேறொன்றுமில்லை.

பொருத்தி நிமிர்ந்தேன்.
திரையில் பன்னிரண்டு.

பொய்க் கண் என்று தீர்ப்பெழுதி
அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
வீடு அடங்கியது.
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
கை துடைத்துக்கொண்டிருந்தபோது
டாக்கனைட் வந்தான்.
இரும்புத் தாது உருண்டையின் துருச்சிவப்பு,
அதனால் அந்தப் பெயர்.

ஏறினான். குந்தினான்.
வெகுநேரம் குந்தினான்.
இறங்கி, கதவுவரை போய், திரும்பி வந்து
மறுபடி குந்தினான்.
பிறகு ஒரு சத்தம்.
பூனையின் சத்தம் இல்லை அது.

மணிகளுக்குள் கைவிட்டேன்.
கழுவி உலர்த்தியபடியே,
பொரி மாதிரி.

அவன் வயிற்றைத் தொட்டேன்.
எலுமிச்சை அளவில் ஒரு கல்.

இரவு இரண்டு மணிக்குச் சரிவான தெருவில்
பனிக்கட்டிமேல் வண்டி வழுக்கியதையெல்லாம்
இங்கே சொல்லப்போவதில்லை.
அவசரப் பிரிவில் டாக்டர் பா ஷியோங்
மெல்லிய குழாயைப் பிரித்துக்கொண்டே பேசினாள்:
ஆண் பூனைகளுக்கு வருவதுதான்.
மணல் மாதிரிப் படிகம்.
பாதை அடைத்துக்கொள்ளும்.
விடியும்வரை விட்டிருந்தால்...
அதை அவள் முடிக்கவில்லை.

அடைப்பு.
நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்,
தப்பான குழாயில்.

கடைசியாக இவன் சிறுநீரை எப்போது பார்த்தீர்கள், மிஸ்டர் நீமி?

செப்டம்பர், என்றேன்.

மூன்றாம் நாள் கழுத்தில் கூம்போடு அவன் வீடு வந்தான்.
டேப்பை உரித்தேன்.
கண்ணில் கொஞ்சம் பசை ஒட்டியிருந்தது,
அதையும் துடைத்தேன்.
திரையில் அந்தப் பன்னிரண்டு அப்படியே.
வாயில்லா ஜீவன் ஒன்று உள்ளே முக்கிக்கொண்டிருக்க
ஜீவனே இல்லாத ஒன்று
பன்னிரண்டு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறது.
நான் அதன் கண்ணைக் கட்டினேன்.

தானியங்கியை அணைத்துவிட்டேன்.
இப்போது நானேதான் பொத்தானை அழுத்துகிறேன்,
அதற்கு முன் ஒரு சூப் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு.
குனியும்போது தகடு கொஞ்சம் முனகும்.

இன்று காலை ஈரம்.
என் உள்ளங்கை அகலம் இருக்கும்.
உடனே லியோனாவுக்குப் போன் போட்டு
நிறம் உட்பட எல்லாம் சொன்னேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.