பிளக் பொருந்தாத ஊர்

பழைய பேப்பர்காரர் மஸ்தானிடம்
கொக்கித் தராசை இரவல் வாங்கி
வில்லிவாக்கம் மாடிப்படியில் நின்று
பெட்டியைத் தூக்கிப் பார்த்தோம்.
இருபது கிலோ என்றது.
இன்னும் மூணு போகும் என்று
இன்னொரு பை பொன்னி அரிசியைச் செருகினார்
என் வீட்டுக்காரர் தணிகாசலம்.

ஏற்கனவே உள்ளே பருப்புப்பொடி,
வத்தக்குழம்புக்கு வதக்கி அரைத்த விழுது,
உடையாமலிருக்க என் நைட்டிக்குள் சுருட்டிய
சவுக்கார்பேட்டை அப்பளம் நாலு கட்டு.
மாவடுவுக்கு மூன்று பிளாஸ்டிக் உறை,
மூன்றையும் நம்பாமல் மேலே ஒரு ரப்பர் பேண்ட்.
கடைசியில் ஒரு பிடி கல்லுப்பு.
"அங்கே உப்பு கிடைக்காதா?"
"கிடைக்கும். நம்ம உப்பு கிடைக்குமா?"
எல்லாவற்றுக்கும் நடுவே
துண்டு சுற்றிப் படுக்கவைத்த
ஒன்றரை லிட்டர் கரன்ட் குக்கர்.

ஊருக்கெல்லாம் குறைத்துக் காட்டும் தராசு
எங்களிடம் மட்டும் நியாயம் பேசுமா?
மீனம்பாக்கத்தில் இருபத்தாறு.
அரிசியை எடுங்கள் என்றேன்.
அவர் ஸ்வெட்டர்களை எடுத்தார்.
மே மாதத்து ராத்திரியில்
ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு ஸ்வெட்டர்,
குரங்குக் குல்லா, கழுத்தில் என் சால்வை.
வியர்த்து வழிந்து நின்றவரைப் பார்த்து
வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

ப்ராகில் இறங்கிய அன்று சாயங்காலமே
குக்கர் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு
அவர் சுவரைப் பார்த்தார்.
சுவர் இரண்டு சின்னக் கண்ணால்
அவரைப் பார்த்தது.
"அடாப்டர் எங்கே?"

ரிச்சி தெருவில் நூற்றெண்பது சொன்னதை
நூற்றிருபதுக்குப் பேசி முடித்தவள் நான்.
கோட்டின் உள்பையில் பத்திரப்படுத்தியதும் நான்.
அவர் கேட்ட நிமிஷம்
என் விரல் அதன் மேல்தான் இருந்தது.
"மறந்துட்டேங்க."

அதுவரை நான் சொன்ன பொய்யெல்லாம்
புடவை விலை சம்பந்தப்பட்டவை.
இது புது ரகம்.
இரவெல்லாம் தூக்கம் வராது என்று நினைத்தேன்.
காலை எட்டேகாலுக்குத்தான் விழித்தேன்.
இருபத்தேழு வருஷத்தில்
ஐந்தரை மணி விசில் இல்லாமல்
விடிந்த முதல் நாள்.

கறுப்பு ரொட்டியில் பருப்புப்பொடி தூவி
நல்லெண்ணெய் விட்டு அவர் சமாளித்தார்.
நான் சூப் குடித்தேன்.
யாரோ தோல் சீவிய உருளைக்கிழங்கு,
யாரோ பார்த்துப் போட்ட உப்பு,
கொஞ்சம் தூக்கல்தான், இருக்கட்டும்.
கிண்ணத்தை அப்படியே மேஜையில் விட்டு
எழுந்து நடந்தபோது
கை எதையோ தேடி இரண்டு தரம் மடங்கியது.

நாலாம் நாள் பஸ்ஸில்
"எங்ககிட்ட அடாப்டர் இருக்கே சார்" என்று
அம்பத்தூர் இளங்கோவன் ஆரம்பித்தார்.
எனக்குக் குளிரில் வியர்த்தது.
ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி பொற்கொடி
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
கொஞ்சம் நீளமான பார்வை.
"அதுவா? நேத்தே புகைஞ்சு போச்சுங்க" என்றாள்
வெளியே ஓடும் மரங்களிடம்.

பொன்னி அரிசி இரண்டு பையும்
விசா முத்திரை இல்லாமல்
போய்த் திரும்பி வந்து சேர்ந்தது.
அப்பளத்தில் ஒரு கட்டு தூள்.
செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு
அதே அரிசியைக் களைந்து வைத்தேன்.
தண்ணி லாரி ஹாரனும்
முதல் விசிலும் ஒன்றாகக் கேட்டன.

ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு
அவர் கண்ணை மூடினார்.
நன்றாகத்தான் இருந்தது எனக்கும்,
இல்லை என்று சொல்ல மாட்டேன்.
"அடுத்த தடவை லிஸ்ட்ல
அடாப்டரை முதல்ல எழுது."
எழுதிவைத்தேன்.

நேற்று பொற்கொடி போன் செய்தாள்.
பையனுக்குக் காய்ச்சல், வெயில், மாவு விலை
எல்லாம் பேசி முடித்து
வைக்கப் போகிறவள் போலிருந்து கேட்டாள்:
"செப்டம்பர்ல வியட்நாம் கூட்டிட்டுப் போறாங்களாம்.
அங்கே பிளக்கு எப்படின்னு
உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"