நாளைக்குத்தானே

தீர்ப்பு அடித்து முடியவில்லை என்று
வழக்கை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள்.
முடிக்காதது நான்தான்.
நாலரைக்கு முடித்தேன், அறுபத்திரண்டு பக்கம்.
ஐயா திருத்தினார், பீரோவில் வைத்துப் பூட்டினார்,
சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

குன்னூர் போகும் ஐந்தே முக்கால் பஸ்ஸில்
தெய்வானை இடம் போட்டு வைத்திருந்தார்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
"உட்காருங்க" என்றார்.
வாய்தா நாளெல்லாம் இப்படித்தான்.
இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட
வழக்கைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.
கேரட் விலை கேட்டிருக்கிறார்,
என் பித்தவெடிப்புக்கு மருந்து சொல்லியிருக்கிறார்.
இன்றைக்கும் அவர் பேசியது டிரைவரிடம்:
"வெரசா போப்பா, எட்டு மணிக்கு நாடகம் கடைசி.
ருத்ரா வக்கீல் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."
பிறகு என் பக்கம் திரும்பி,
"நம்மளுது நாளைக்குத்தானே."

வேலிவியூ தாண்டியதும் பனி இறங்கி
கண்ணாடியை வெள்ளையடித்தது.
கண்டக்டர் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்.
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டேன்.
குளிருதா என்றார்.
ஆமாம் என்றேன்.

நாங்கள் அடிக்கும் தமிழில்
அவர் மகன் பெயர் எதிரி.
முதல் பக்கத்தில் ஒரே ஒரு சசிதரன்,
காலஞ்சென்ற முத்துவீரன் மகன்,
அப்புறம் அறுபத்தொரு பக்கமும் எதிரி.
எதிரி சம்பவ இடத்தில் இருந்தாரா,
எதிரியின் சட்டையில் இருந்தது யார் ரத்தம்,
அன்றிரவு பத்து மணிக்கு அவன் வீட்டில் கஞ்சி குடித்தான் என்று
எதிரியின் தாயார் சொன்னது
நம்பத்தக்கதா இல்லையா.
அதற்குத் தனியாக ஒரு பத்தி, நாற்பத்தொன்று.
அதன் கடைசிச் சொல்லில்
ஓர் எழுத்துத் தவறி, திரும்ப அடித்தேன்.

எட்டு மணிக்கு எல்லநள்ளியில் என் அறை நிறைந்தது.
மழையிலும் சிக்னல் நிற்பது எங்கள் டிஷ்ஷில்தான்.
ரெஜினா அக்கா வேர்க்கடலையோடு வந்தாள்,
மாடிவீட்டு போஜன் மங்கி குல்லாயைக் கழற்றவே இல்லை.
நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்ட,
"நெஜமாவே இப்படியா?" என்றார்.
எங்களிடம் சுத்தியல் கிடையாது என்றேன்.
சிரித்தார்கள்.

செத்துப்போனதாகச் சொன்ன சாட்சி
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
ருத்ரா விளம்பர இடைவேளைகள் போக
எட்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினாள்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
மூலையில் தட்டச்சுக்காரியாக உட்கார வைத்திருந்த பெண்ணை.
அவள் விரல்கள் நாலு எழுத்தின் மேலேயே குதித்தன.
காகிதம் நகரவில்லை.
விடுதலை என்றதும்
எல்லோரோடும் சேர்ந்து அவளும் அழுதாள்.
அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது.
கொடுத்து வைத்தவள்.

ரெஜினா அக்கா கைதட்டினாள்.
அருவங்காட்டில் ஒரு லைன்வீட்டிலும்
தட்டியிருப்பார்கள்.
கடலைத் தோலைக் கூட்டி அள்ளினேன்.
படுத்த பிறகும் விரல்கள்
போர்வையில் நாற்பத்தொன்றை அடித்துக்கொண்டிருந்தன.

காலை ஏழே கால் பஸ்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
ஜிப் மூடாத பைக்குள்
விலைச்சீட்டு கிழிக்காத நீலச் சட்டை.
"பார்த்தீங்களா? விட்டுட்டாங்க."
பார்த்தேன் என்றேன்.
கேத்திப் பள்ளத்தாக்கில் பனி கலைந்து
கேரட் கழுவுகிற இடத்தில் லாரிகள் தெரிந்தன.
அவற்றை எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.
"அந்த டைப் அடிக்கிற பொண்ணு என்னமா அழுதுச்சு."
பிறகு, என் முகத்தை விட்டுவிட்டு
என் கைகளைப் பார்த்தபடி,
"நீங்க அழ மாட்டீங்கல்ல"

என்றார்.
கேள்விக்குறி வைப்பதா
முற்றுப்புள்ளி வைப்பதா
எனக்குத் தெரியவில்லை.