ஆள் பார்த்து

கோட்டையூர் கேட்டில் செவ்வாய்க்கிழமை அணைந்தது.
பின்னால் மணல் லாரி, அதன் பின்னால் டவுன் பஸ்.
இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன்,
எனக்கென்ன தெரியும், தூக்கினேன்.
மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமுகிறது.

கழனிவாசல் பட்டறையில்
அருளானந்து காது வைத்துக் கேட்டார்.
"தங்கமாட்டம் ஓடுது அக்கா."
ஆமாம், இங்கே ஓடும்.
வாத்தியாரைக் கண்டதும்
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை அது.

ரிலே மாற்றினார். காயில் மாற்றினார்.
பேட்டரி முனையைச் சுரண்டி வாஸ்லின் தடவினார்.
பதினாலு நாள் சும்மா இருந்தது.
நான் நம்பிவிட்டேன் என்று தெரிந்த அன்று
பள்ளத்தூர் வளைவில், ராத்திரி ஒன்பதரைக்கு,
விளக்கு உட்பட எல்லாம் போனது.
என் நெஞ்சும் இப்படித்தான்.
ஈசிஜி எடுத்த அன்று மட்டும்
கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி நடந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரே பக்கத்தில் ஏறினார்,
மடியில் டிபன் பாக்ஸ், சட்டைப்பையில் டெஸ்டர்.
கானாடுகாத்தான், ராயவரம், அரிமளம்.
வேகத்தடையில் வேண்டுமென்றே குதிக்கவிட்டேன்.
ஏசி போட்டேன், எல்லா விளக்கும் போட்டேன்,
திட்டியும் பார்த்தேன்.
ஒரு இருமல்கூட இல்லை.
புளியோதரை தீர்ந்தது. பெட்ரோல் தீரப்போனது.
"பழுது வந்தாத்தானே பிடிக்க முடியும்?"
காசு வாங்காமல் இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தது.
பிறகு அணைந்தது.

நான் கூப்பிடவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு
சீட்டைச் சாய்த்துக்கொண்டேன்.
டிக் டிக்கென்று இரும்பு ஆறுகிறது.
சாவியைத் தொடாமல் எண்ண ஆரம்பித்தேன்.
போன தடவை நாற்பதில் வந்தது.